காமிராவுக்குள் இறங்கிய கறுப்பு

அம்சாவுக்குப் பயம் புதுசில்லை. இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தால் பயம். அதெல்லாம் வரும், போகும். ஒரு பயம் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. கண் போய்விடும் என்கிற பயம். விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகிற தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தானே பாண்டுரங்கன், அவன் பெண்சாதி அவள். சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது புருஷனா புளியமரமா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்பேர்ப்பட்டவள் காமிரா பிடித்தாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கோட்டக்குப்பத்திலிருந்து பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பல் ஏறிய பெண்கள் எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தது அம்சா எடுத்த படம்தான்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஒலக்கூரில் அவளுடைய அப்பா விருத்தாசலம், நாலு ஏக்கர் மல்லாட்டைக் கடலை போட்ட மனுசன், நாற்பத்திரண்டு வயசில் ஒரு கண் இருண்டு போனார். இரண்டே வருசத்தில் மறு கண்ணும் போயிற்று. வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்சாவுக்கு அப்போது பதினொரு வயசு. அப்பாவைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போவது அவள் வேலை. "அப்பன் கண்ணு அப்படியே உரிச்சு வச்சிருக்கு இந்தப் பொண்ணுக்கு" என்று சொந்தக்காரர்கள் அவள் எதிரிலேயே சொல்வார்கள். குழந்தைக்குக் காது கேட்காது என்று நினைப்பு போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் பாண்டுரங்கன் பெண் பார்க்க வந்தபோது அவள் அம்மா கண்ணாடியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். தட்டோடு கூடத்துக்கு வந்த அம்சாவுக்கு மாப்பிள்ளை ஒரு வெள்ளைச் சட்டையாகத் தெரிந்தான். சட்டைக்கு மேலே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிடித்திருக்கிறது என்று சொன்னாள். கல்யாணமாகி மூன்றாம் நாள், மாமியார் வீட்டில் கொதிக்கிற சாம்பார்ச் சட்டியை அம்மிமேல் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் வைத்தாள். அதற்கப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டாமல் முடியவில்லை.

"அடியம்மா! இன்னாடி இது மூஞ்சில?" என்று மாமியார் அஞ்சம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி மாரில் அடித்துக்கொண்டாள். "குருட்டுப் பொண்ணைக் கொண்டாந்து நம்ம தலைல கட்டிட்டானுங்களே! தா பாரு பொண்ணே, இருக்கிற கண்ணை வச்சிக்கினு ஒழுங்கா இரு. இதுக்கு மேல ஒரு நூலு கொறைஞ்சுதுன்னா அடுத்த வண்டில ஒலக்கூருக்கு ஏத்திடுவேன். சொல்லிட்டேன்."

பாண்டுரங்கன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "பரவால்ல போம்மா, என் மூஞ்சைப் பாக்காமயே சரின்னு சொல்லிட்டா. பாத்திருந்தா வேணான்னு சொல்லியிருப்பா" என்று சொல்லி அன்றைக்கும் சிரித்தான். தன் அம்மா சொன்னது தப்பு என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவன் அதை அத்தோடு மறந்துவிட்டான். அம்சா மறக்கவில்லை. வருசம் போகப் போக வீட்டில் பிள்ளையும் பிறக்கவில்லை. அந்த ஒலக்கூர் வண்டி எந்த நிமிஷமும் வாசலில் வந்து நிற்கும் என்று அவள் மனசுக்குள் ஒரு உதறல் இருந்துகொண்டே இருந்தது.

அவளைக் காப்பாற்றியது காமிராதான். கோட்டக்குப்பத்துப் பெண்களுக்குப் பாஸ்போர்ட் படம் வேண்டும். புருஷன் அக்கரையில் இருப்பான், கூட வந்துவிடு என்று எழுதுவான், படம் இல்லாமல் கப்பல் ஏற முடியாது. ஆனால் பாண்டுரங்கன் போனால் வாசலிலேயே நாற்காலி போட்டுச் சர்பத் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேற்று ஆம்பிளை எதிரில் முக்காட்டை விலக்கி எப்படி உட்காருவார்கள்? ஐம்பத்தாறில் ஒரு நாள் அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்: "நீ வாயேன் அம்சா. நான் வாசல்ல நிக்கிறேன். நீ உள்ள போயி ஒரு அமுக்கு அமுக்கிட்டு வந்துடு." அந்த ஒரு அமுக்கில் ஆரம்பித்தது. அதற்கப்புறம் வளவனூர் வழியாகப் பாண்டிச்சேரிக்குப் பஸ், அங்கிருந்து ஜட்கா வண்டி என்று அவளே தனியாகப் போய்வர ஆரம்பித்தாள். அஞ்சம்மாள்கூட, "என் மருமவ போட்டோ புடிக்கப் போயிருக்கா" என்று அக்கம்பக்கத்தில் ராங்கியாகச் சொல்லிக்கொண்டாள். கண் இருக்கிற வரைக்கும் அம்சாவுக்கு அந்த வீட்டில் இடம் உண்டு. கண் போனால் காமிரா போகும்; காமிரா போனால் இடம் போகும். அவள் போட்டிருந்த கணக்கு இவ்வளவுதான்.

காமிரா ஜெர்மன்காரன் செய்தது. மடக்கினால் பெட்டி, திறந்தால் துருத்தி. மேலே ஒரு பொத்தான் அகலத்துக்குக் கண் வைக்கிற ஓட்டை; அதுதான் வியூபைண்டர். அதன் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் எதிரில் இருப்பவருக்கு மூக்கு இரண்டாகத் தெரியும். கட்டை விரலால் பக்கத்திலுள்ள போகஸ் சக்கரத்தைத் திருகத் திருக இரண்டு மூக்கும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். நல்ல கண்ணுக்கு இது சுளுவான வேலை. கண்ணாடி போட்டவர்களுக்கு இருக்கிறதே ரோதனை! ஓட்டையின் பித்தளை விளிம்பு கண்ணாடியில் இடித்துக் கீறல் விழும். அதற்காக அவள் சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி விளிம்பில் ஒட்டியிருந்தாள். அப்படியும் கண்ணாடி குறுக்கே நிற்பதால் கண்ணை ஓட்டைக்கு நெருக்கமாகக் கொண்டுபோக முடியாது. நடுப்பாகம் தெரியும், நாலு ஓரமும் கறுத்துக் கிடக்கும்.

ஆரம்பத்தில் அவள் இதற்கு மிரண்டுபோனாள். "ஓரமெல்லாம் கறுப்பாத் தெரியுதுங்க" என்று சொன்னபோது பாண்டுரங்கன், "கண்ணாடி போட்டவங்களுக்கு அப்படித்தான் தெரியும். கறுப்பை இன்னாத்துக்குப் பாக்குற? நடுவுல பாரு" என்றான். அந்த ஒரு பாடத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காமிராவில் கறுப்புத் தெரிந்தால் அது கண்ணின் கோளாறு இல்லை, கண்ணாடியின் கோளாறு. அப்பாவின் கண்ணைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஏழு வருசம் அந்தக் கறுப்போடேயே குடித்தனம் நடத்தினாள். அதனால்தான் அறுபத்துமூன்றில் வேறொரு கறுப்பு வந்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அது ஆவணி மாசம். திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பெண்கள் பக்கத்துப் படமெல்லாம் அம்சா பொறுப்பு. ஓட்டையில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தாள். மேல் ஓரத்துக் கறுப்பு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடியாக இருந்தது. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி அதற்குள் போய்விட்டது. தலை வெட்டுப்படப் போகிறதே என்று காமிராவை மேல்பக்கம் தூக்கினாள். சுட்டி வெளியே வந்தது. சரி என்று அமுக்கினாள். இடையிடையே கண்ணோரத்தில் பளிச் பளிச்சென்று மின்னிற்று. ப்ளாஷ் பல்பு போட்டுக்கொண்டே இருந்தால் மின்னாமல் என்ன செய்யும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

படங்களைக் கழுவிப் பார்த்த பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா அம்சா இது? மனுசங்க கீழ கிடக்கிறாங்க, மேல பாதிப் பந்தல் இருக்குது! பந்தக்காரன் உனக்கு எதுனா குடுத்தானா?"

"ஓட்டைல மேல கறுக்குதுங்க. தலை போயிடும்னு தூக்கிப் புடிச்சேன்."

அவன் காமிராவை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தான். பளிங்கு மாதிரி இருந்தது. "ஒண்ணுமே இல்லையே. உன் கண்ணாடிதான்" என்றான். அவளுக்கு அந்த வார்த்தை அமிர்தமாக இருந்தது. படத்தில் எங்கேயும் கறுப்பு விழவில்லை. சாதாரணமாகச் சமைக்கும்போது, துணி துவைக்கும்போது, தெருவில் நடக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. அப்படியானால் வேறென்ன? ஓட்டைக்குள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடியில் பூசணம் பிடித்திருக்கிறது. மழைக்காலம் வேறு. அவள் அதையே சாதித்தாள். பாண்டுரங்கனுக்கும் சந்தேகம் வந்து, காமிராவை மெட்ராசுக்கு ரிப்பேருக்கு அனுப்பினான்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு இருக்கும்போது ஒரு கண்ணில் இல்லாததை மறு கண் சத்தமில்லாமல் நிரப்பிவிடும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒற்றைக் கண்ணால் அவள் உலகத்தைப் பார்த்தது அந்த ஓட்டையில் மட்டும்தான். காமிரா மெட்ராசில் இருந்த மூன்று வாரமும் அவள் எந்த ஓட்டையிலும் கண் வைக்கவில்லை. நிம்மதியாக இருந்தாள், பாவி.

காமிரா திரும்பி வந்தது. கோளாறு எதுவும் இல்லை, துடைத்து அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு சீட்டு. அம்சா ஆசையோடு எடுத்துக் கண்ணில் வைத்தாள். கறுப்பு முன்னைவிட இறங்கியிருந்தது. "ஏமாத்திட்டானுங்க. ஒண்ணும் பண்ணல" என்று மெட்ராஸ்காரனைத் திட்டினாள். துடைத்த பிறகும் கறுப்பு எப்படிக் கூடும்? அதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. ஷாகுல் ஹமீது வீட்டு மருமகள் நூர்நிஷா, இருபத்திரண்டு வயசு, புருஷன் பினாங்கில் துணிக்கடை. கல்யாணம் முடிந்து நாற்பது நாள் சேர்ந்து இருந்தார்கள், அதோடு மூன்று வருசம் ஆகிறது. ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்சா எடுத்த படத்தை, முகம் சின்னதாக இருக்கிறது, தலைக்கு மேலே வெற்றுச் சுவர் அதிகம் என்று பாஸ்போர்ட் ஆபீசில் திருப்பிவிட்டார்களாம். நாளைக் காலை ஷாகுல் ஹமீது மறுபடி மெட்ராஸ் போகிறார். இன்றைக்கே படம் வேண்டும்.

நடுப்பகல். வீட்டு முற்றத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் முன்னால் நூர்நிஷாவை முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஆண்களெல்லாம் வெளியே போய்விட்டார்கள். மாமியார் சபியா பீவி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "இந்தத் தடவையாவது எங்க புள்ளை மூஞ்சைப் பெருசா எடும்மா. மலையாட்டம் சுவரை எடுத்துக் குடுத்தியே" என்று கேலி செய்தாள்.

நூர்நிஷா முக்காட்டை நெற்றிவரை தள்ளிவிட்டுக்கொண்டு, "அக்கா, இதுவும் திரும்பி வந்துச்சுன்னா அவரு வேற பொண்ணு பாத்துக்குவாரு" என்று சிரித்தாள். சிரிப்புதான். ஆனால் கையைப் பார்த்தால் முந்தானை நுனியை முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

அம்சா காமிராவைக் கண்ணில் வைத்தாள். நூர்நிஷாவின் வாயும் மோவாயும் தெரிந்தன. மூக்கில் பாதி தெரிந்தது. அதற்கு மேலே ஒன்றுமில்லை. மஞ்சள் வட்டமே கறுப்புக்குள் போயிருந்தது. போகஸ் சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகினாள். சேர்ப்பதற்கு மூக்கைக் காணோம். காமிராவை மேலே தூக்கினாள். கறுப்பும் கூடவே வந்தது. மெட்ராஸ்காரனை மனசுக்குள் ஒரு வசவு வைதுகொண்டு, துடைத்துப் பார்க்கலாம் என்று காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். அவசரத்தில் மூடின இடது கண்ணைத் திறக்க மறந்துவிட்டாள்.

காமிரா இடுப்புக்கு வந்துவிட்டது. கறுப்பு அங்கேயே இருந்தது.

முக்காலி தெரிந்தது. புடவை தெரிந்தது. மடியில் முறுக்கின முந்தானை தெரிந்தது. நூர்நிஷாவுக்குத் தலை இல்லை. வேட்டித் திரையின் மேல்பாதி இல்லை. ஓட்டுக்கூரை இல்லை, வானம் இல்லை. அம்சா இடது கண்ணைத் திறந்தாள், எல்லாம் இருந்தது. மூடினாள், போயிற்று. திறந்தாள். மூடினாள்.

"இன்னாக்கா, என்னைப் பாத்துக் கண்ணடிச்சிக்கினே இருக்கீங்க?" என்று நூர்நிஷா வாயைப் பொத்திச் சிரித்தாள். சபியா பீவியும் சிரித்தாள். அம்சாவும் சிரிக்கப் பார்த்தாள். ஒலக்கூர்க் கயிறு அவள் கண்ணுக்கு எதிரில் நீளமாகத் தெரிந்தது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஓடிவிடலாமா என்று இருந்தது. எங்கே ஓடுவது?

எதிரில் ஒருத்தி மூன்று வருசமாகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நினைப்பு ஒன்றுதான் அம்சாவை நிறுத்திவைத்தது. "தையல் டேப் இருக்குதா?" என்று கேட்டாள். சபியா பீவி எடுத்துக் கொடுத்தாள். நூர்நிஷாவின் மூக்கு நுனியிலிருந்து காமிராவின் நெற்றிவரை அளந்தாள். சரியாக நாலடி. சக்கரத்தில் எழுதியிருந்த நாலடிக் கோட்டில் போகசை நிறுத்தினாள். அப்புறம் காமிராவை இடது கண்ணில் வைத்தாள். மூக்கு காமிராவின் முதுகில் நசுங்கிற்று, கண்ணாடி கோணலாக ஏறிற்று. சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சை அடக்கி, ஆறு படம் எடுத்தாள். பாஸ்போர்ட்டுக்கு இரண்டு போதும். அவளுக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை.

நூர்நிஷா உள்ளே போனதும் சபியா பீவி முறத்தைக் கீழே வைத்தாள். "இப்ப சொல்லு. கண்ணுல இன்னா?"

"தூசி."

"எனக்கு நாலு பொம்பளைப் புள்ளைங்கம்மா. பொய் சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அம்சா அங்கேயே குந்திக்கொண்டு அழுதாள். "வலது கண்ணு மேல்பாதி தெரியல லாத்தா. நானு காமிராதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். வீட்டுல தெரிஞ்சா என்னை வச்சிக்க மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க." ரொம்ப நாளாக அந்த வீட்டுக்கு வந்துபோவதில் அவளுக்கு அக்கா முறையாகிவிட்டவள் சபியா பீவி. சொந்த மனுசர்களிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல்ல முடிந்தது.

"சொல்லாம இருந்தா கண்ணு வந்துடுமா? இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போ. ஜல்தி போ. நான் கூட வர்றேன்."

"நாளைக்குப் போறேன்" என்றாள் அம்சா. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். படத்தை அன்றைக்கே கழுவி, அவர்கள் அனுப்பிய ஆளிடம் கொடுத்தாயிற்று. நூர்நிஷாவின் புருவத்து மயிர்கூட எண்ணலாம் போல விழுந்திருந்தது. பாண்டுரங்கன், "இதான் என் பொண்டாட்டி" என்று மெச்சிக்கொண்டான். அந்த மெச்சலைக் கேட்டதும் இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது. இவனிடம் எப்படிச் சொல்வது?

நாளைக்கு என்றது நாளை மறுநாள் ஆயிற்று. பிறகு வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றாள். அமாவாசை கழியட்டும் என்றாள். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் படுக்கையிலேயே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்ப்பாள். உத்திரம் போயிற்று. ஜன்னல் போயிற்று. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் போயிற்று. பன்னிரண்டாம் நாள் தரையில் வைத்த சொம்பு மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் போயிற்று. பார்த்துவிட்டு எழுந்து, முகம் கழுவி, அஞ்சம்மாளுக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுப்பாள். பாண்டுரங்கன் வலது பக்கமிருந்து வந்து நின்றால் தூக்கிவாரிப் போடும். "இன்னா, பேயைப் பாத்த மாதிரி?" என்று கேட்பான். "ஒண்ணுமில்லீங்க" என்பாள். அவன் சிரித்துவிட்டுப் போவான். ராத்திரி கண்ணை மூடினால் இனி இடதும் திறக்காதோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வாள். இத்தனை பயத்தையும் தாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்கிற பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. இதை நினைத்தால் எனக்கு அவள்மேல் கோபமாக வருகிறது, அழுகையும் வருகிறது.

இருபத்தாறாம் நாள் காலையில் ஷாகுல் ஹமீதும் சபியா பீவியும் ஸ்டூடியோ வாசலில் வந்து இறங்கினார்கள். பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த கப்பலில் நூர்நிஷாவுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஒரு தூக்கு நிறைய தம்ரூட் அல்வா. பாண்டுரங்கனுக்கு வாயெல்லாம் பல். சபியா பீவி நேராக அம்சாவிடம் வந்து, அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கி, "ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க? கண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

அம்சா பாண்டுரங்கன் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கண்ணு?" என்றான் பாண்டுரங்கன், இன்னும் சிரித்துக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து, தன் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணைப் பொத்தினான். "என் கை எத்தனை விரல் காட்டுது?"

"எந்தக் கை?" என்றாள் அவள்.

உள்ளேயிருந்து வந்த அஞ்சம்மாள், "நான் அப்பவே சொல்லல..." என்று ஆரம்பித்தாள். "அம்மா, நீ வாயை மூடு" என்றான் பாண்டுரங்கன். பதினொரு வருசத்தில் அவன் தன் அம்மாவை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த ரயிலிலேயே மெட்ராஸ் போனார்கள். கண்ணாஸ்பத்திரி டாக்டர் ஒரு வயசானவர். வலது கண்ணில் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். விழிக்குப் பின்னால் ஒரு சவ்வு இருக்கிறது, அதில்தான் படம் விழும், அது சுவரிலிருந்து காகிதம் உரிகிற மாதிரி கீழேயிருந்து உரிந்துவிட்டது என்று விளங்கும்படி சொன்னார். "ஓரம் கறுக்குதுன்னு எப்பம்மா தெரிஞ்சுது?"

"காமிரால ரெண்டு மாசமா தெரிஞ்சுதுங்க. கண்ணுலதான்னு தெரிஞ்சு இருபத்தாறு நாளு ஆவுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த இருபத்தாறு நாளுக்கு முன்னாடி வந்திருந்தா பாதிப் பார்வையாவது புடிச்சு நிறுத்தியிருக்கலாம். இனிமே இந்தக் கண்ணுல ஒண்ணும் பண்றதுக்கில்ல. இடது கண்ணை நாளைக்கு மருந்து விட்டு நிதானமாப் பாக்கலாம். அவசரமில்ல, போயி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வார்டுப் பக்கம் போய்விட்டார்.

வெளியே பெஞ்சியில் இருவரும் உட்கார்ந்தார்கள். பாண்டுரங்கன் செருப்பைக் கழற்றிப் பெஞ்சிக்கு அடியில் தள்ளினான். அப்புறம் கேட்டான்: "இருபத்தாறு நாளு. ஒரே வீட்டுல, ஒரே தட்டுக்கு எதிருல உக்காந்துக்கினு இருந்தோம். கோட்டக்குப்பத்துல சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லல. என்னைப் பாத்தா அவ்வளவு பயமா அம்சா உனக்கு?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பதினொரு வருசமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஆமாங்க" என்றாள். "பயந்தேன். கண்ணு கொறைஞ்சா வண்டி ஏத்திடுவேன்னு அத்தை சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க. நீங்களும் ஏத்திடுவீங்கன்னுதான் நெனச்சேன்."

அவன் வாய் கோணிற்று. எப்போதும் வருகிற சிரிப்பு வரவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. பயம் இன்னும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவளுக்குப் பக்கத்தில் அதைக் கேட்க ஒரு ஆள் இருந்தான். அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்குதுங்க. டாக்டர்கிட்டகூடச் சொல்லல."

"இன்னா?"

"நேத்து காலைலேருந்து இடது கண்ணுல மின்னுது. ப்ளாஷ் அடிக்கிற மாதிரி. வலது கண்ணு கறுக்க ஆரம்பிச்சப்பவும் இப்படித்தான் மின்னிச்சு."

பாண்டுரங்கன் செருப்பைக்கூட மாட்டவில்லை. "டாக்டர்! டாக்டர்!" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு வார்டுப் பக்கம் ஓடினான்.